ஆயில் பார்க்காத ஒன்பது நாள்

பைலட்டம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். இதுவரை ஏறியதில்லை, இனி ஏறுவதாகவும் உத்தேசமில்லை. அவள் ஓட்டுவது ஏழு வருடம் பழசான ஒரு வெள்ளைக் கார். வாரம் ஆறு நாளும் சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போவாள், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். பட்டப்பெயர் சூட்டியவர் கணக்கு சார், அவளுடைய முதல் பயணி, ஓய்வுபெற்ற வாத்தியார். வண்டியில் ஏறிய முதல் நாளே அவர் பார்த்தது இதுதான்: அவள் பானெட்டைத் திறந்தாள், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள், வெள்ளைத் துணியில் துடைத்தாள், திரும்ப உள்ளே விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், நோட்டில் ஒரு வரி எழுதினாள், அதற்குப் பிறகுதான் சாவியைத் திருகினாள்.

"ஏம்மா, இது காரா ஏரோப்ளேனா?" என்றார் சார்.

"ரெண்டுலயும் நடுவழியில இறங்க முடியாதே சார். அதுவும் உங்களை மாதிரி ஆளுங்களை வெச்சுக்கிட்டு."

அன்றிலிருந்து அவள் பைலட்டம்மா. மருத்துவமனை வாசல் காவலாளிக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

கார் ஓட்டப் பிறந்தவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முப்பத்தொன்பது வயதுவரை அவள் ஓட்டியது தையல் மெஷின்தான். ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் பதினெட்டு வருடம் சட்டைக் காலர் மட்டும் தைத்தாள். முழுச் சட்டை ஒன்றுகூடத் தைத்ததில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இதற்கு நடுவில் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாயின. வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி அவனைக் கூட்டிப் போவாள். போகும்போது பரவாயில்லை. நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுத்துவிட்டு வரும்போது அவனால் நிற்க முடியாது, கூட்டத்தில் பஸ்ஸின் தரையிலேயே உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அவன் தள்ளாடியதைப் பார்த்து யாரோ ஒருவர் காரை நிறுத்தி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார். பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. தம்பி அன்று பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "அக்கா, இந்த மாதிரி வண்டி ஒண்ணு இருந்தா நான் இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன்போல" என்றான்.

அவன் இருக்கவில்லை. அவன் போன மறுவருடம் அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். சொல்லிக்கொடுத்தவரே பயந்து பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் பழைய கதை. இன்று அவள் பின்சீட்டில் தலையணை உண்டு, போர்வை உண்டு, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பாத்திரமும் உண்டு. பெயர் தெரியாத அந்தக் கார்க்காரருக்கு அவள் சொல்லாமல் விட்ட நன்றியெல்லாம் அந்தப் பின்சீட்டில்தான் இருக்கிறது.

ஆயில் நோட்டுக்கு வருவோம், கதையே அதில்தான் இருக்கிறது. தேதி, ஓடிய கிலோமீட்டர், கம்பியில் ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது, ஒரு நாளைக்கு ஒரு வரி. ஏழு வருடத்தில் ஆறு நோட்டு. ஆனால் அவளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்தால் அதற்கப்புறம் பத்து நாள் பானெட்டையே தொடமாட்டாள், நோட்டில் அந்த வரிகளைக் காலியாக விட்டுவிடுவாள். ஏன் என்று மகள் கேட்டபோது, "ஒருத்தர் சமைச்சுப் போட்டு, சாப்பிட உக்காந்ததும், கரண்டியை வாங்கி உப்பு பாத்தா எப்படி இருக்கும்? அவங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வேலைடி" என்றாள். மரியாதைதான், வேறொன்றுமில்லை. ஆனால் இன்ஜினுக்கு மரியாதை தெரியுமா?

அவள் மனதில் 'அவங்க' என்றால் ஒரே ஆள்தான். வண்டி வாங்கிய டீலரின் சர்வீஸ் சென்டரில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வேலை பார்க்கும் மெக்கானிக். காதில் எப்போதும் மஞ்சள் மார்க்கர் ஒன்றைச் செருகியிருப்பான். எந்த போல்ட்டை முடுக்கினாலும், முடுக்கி முடித்ததும், போல்ட்டிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இடம்வரை ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிடுவான். போல்ட் அசைந்தால் கோடு பிசகிவிடும், பார்த்ததும் தெரிந்துவிடும். அங்கே மற்ற யாரும் இதையெல்லாம் செய்வதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'மஞ்சக்கோடு' என்று பேர் வைத்துக் கிண்டலடித்தார்கள். பைலட்டம்மா காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவன் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலர் தைத்தவளுக்குத் தெரியாதா, ஒரு தையல் விட்டால் என்ன ஆகும் என்று? ஏழு வருடத்தில் இருவரும் பேசிய பேச்சு பத்து வார்த்தை இருக்காது. வண்டியை வெளியே எடுக்கும்போது அவன் கையைத் தூக்குவான், அவளும் தூக்குவாள், அவ்வளவுதான்.

இந்தத் தடவையும் அப்படித்தான் கையைத் தூக்கிவிட்டு வந்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம், டயாலிசிஸ் முடிந்த கணக்கு சாரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் வரும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. பின்னால் ஹாரன் அலறுகிறது, பின்சீட்டில் சார் வெளுத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறார், அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ரொட்டி வேன் ஓட்டி வந்த ஒருவர் இறங்கி, சாரைக் கைத்தாங்கலாகத் தன் வேனின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். "நீங்க வண்டியைப் பாருங்கம்மா, ஐயாவை நான் வீட்ல விட்டுடறேன்" என்றார். அவருக்கும் நன்றி சொல்ல வாய் வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் இரண்டே நாளில் அறிக்கை தயாரானது. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. ஆயில் மொத்தமும் கொட்டி, உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று இறுகிவிட்டன. இன்ஜினையே மாற்ற வேண்டும். இதுவரை மேனேஜருக்கும் அவளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. யார் செலவில் மாற்றுவது என்பதில்தான் தகராறு.

மேனேஜர் கெட்டவர் அல்ல. குளிர்ந்த அறை, குடிக்கத் தண்ணீர், குரலில் ஏகப்பட்ட பணிவு. அந்தப் பணிவை வைத்துக்கொண்டுதான் மூன்று தடவை அவளைத் திருப்பி அனுப்பினார்.

"மேடம், நாங்க கொடுத்தப்ப எல்லாம் சரியா இருந்துச்சு. இதோ சர்வீஸ் கார்டைப் பாருங்க, இருபத்திநாலு கட்டம், இருபத்திநாலு டிக். அடியில கல்லு கில்லு இடிச்சிருக்கும். வெளியில யாரும் கை வெச்சாங்களோ என்னவோ."

"என் வண்டியில உங்க ஆளைத் தவிர யாரும் கை வெச்சதில்லை சார்."

"சரி மேடம். ஆயில் ஒரே நாள்ல இறங்காது. ஒன்பது நாள் ஓட்டியிருக்கீங்க. ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தினம் பார்க்கிறவள், பார்க்க வேண்டிய ஒன்பது நாளும் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு அந்த வாரம் முழுக்க மழை. தெரு காய்ந்திருந்தால் வண்டி நின்ற இடத்தில் சொட்டாவது கண்ணில் பட்டிருக்கும்.

மருத்துவமனைக்காரர்களிடம் ஒரு விதி இருந்தது. பதினைந்து நாள் தொடர்ந்து வண்டி வராவிட்டால் அந்த நோயாளிகளை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றினால் மாற்றியதுதான். தற்காலிகமாக வந்துகொண்டிருந்த டிரைவர் நல்ல பையன்தான், ஆனால் வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். நோயாளிகள் தாங்களாகவே படியிறங்கி வர வேண்டும். கணக்கு சார் இரண்டு தடவை படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாராம். இதைக் கேட்ட அன்று அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. வண்டி நின்ற பன்னிரண்டாம் நாள் காலை மேனேஜரைக் கடைசியாகப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஆறு நோட்டையும் எடுத்துப் போய் மேஜையில் போடப்போகிறாள். வண்டியைக் கவனிக்காதவள் எழுதும் நோட்டா இது என்று கேட்கப்போகிறாள்.

முந்தின நாள் சாயங்காலம் மகள்தான் ஆறாவது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த ஒன்பது வரி காலியா இருக்கே. இதைத்தானே முதல்ல பிடிச்சுக்குவாங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "அதே பேனா. அதே கையெழுத்து. அஞ்சு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போவுது?"

பைலட்டம்மா பேனாவை எடுத்தாள். ஆமாம், எடுத்தாள், அதை மறைப்பானேன்? முதல் வரியில் தேதியை எழுதினாள். கிலோமீட்டர் எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. எழுதியதை ஒரே கோடாக அடித்தாள்.

"என்னம்மா?"

"இதை எழுதிட்டா ஆறு நோட்டுமே பொய்யாயிடும்டி."

"அப்ப நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"தெரியலை" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை.

மறுநாள் கணக்கு சாரும் கூட வந்தார். டயாலிசிஸ் இல்லாத நாள். வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சட்டைப்பையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். மொத்த ஆயில் எத்தனை லிட்டர், ஒன்பது நாளில் எத்தனை கிலோமீட்டர், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேனேஜர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாகப் பார்த்து, மரியாதையாகவே ஒதுக்கி வைத்தார். சாட்சிக்கு மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். மஞ்சக்கோடு கதவோரம் நின்றான். காதில் மார்க்கர் இல்லை.

"தம்பி, இந்த வண்டியில அடிப்போல்ட்டை முடுக்கினது நீதானே?"

"ஆமா சார்."

"சரியா முடுக்கினே இல்ல?"

"முடுக்கியிருப்பேன் சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

மேனேஜர் நோட்டுகளைப் புரட்டினார். இரண்டாவது நோட்டு, மூன்றாவது நோட்டு. அவர் முகம்கூடக் கொஞ்சம் மாறியது. இவ்வளவு ஒழுங்காக எழுதிய நோட்டை அவர் அலுவலகத்திலேயே பார்த்திருக்கமாட்டார். கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"இது என்ன மேடம்? தேதி போட்டு அடிச்சிருக்கீங்க. அப்புறம் எல்லாம் காலி."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள்.

"நேத்து சாயங்காலம் பொய் எழுத உக்காந்தேன் சார். முடியலை. அந்த ஒன்பது நாள் நான் ஆயில் பாக்கலை."

கணக்கு சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் போச்சு" என்று முனகினார்.

"தினம் பாக்கறவங்க, அப்ப மட்டும் ஏன் பாக்கலை?"

"பழைய நோட்டைப் பாருங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கு அப்புறமும் பத்து வரி காலியா இருக்கும். பாக்கமாட்டேன் சார்." அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "இவரு வேலை செய்யறதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து ஏழு வருஷமா பாத்துட்டு இருக்கேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கோடு போடுவாரு. அவரு செஞ்ச வேலையை நான் மறுநாளே திறந்து பாத்தா, அவரு மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா? அதான் விட்டுட்டேன். ரெண்டாவது நாளே பாத்திருந்தா ஆயில் குறையறது தெரிஞ்சிருக்கும். அது என் தப்புதான்."

மஞ்சக்கோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். மேனேஜர், "டேய், எங்கே போறே?" என்றார்.

ஐந்து நிமிடம் கழித்து வந்தான். கையில் அவள் வண்டியின் ஆயில் தொட்டி. கழற்றிப் பட்டறை மேஜையில் வைத்திருந்ததை, பெட்ரோல் ஊற்றிப் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்திருந்தான். மேனேஜரின் வழுவழு மேஜைமேல், காகிதம்கூட விரிக்காமல் வைத்தான்.

"சார், போல்ட் விழுந்துடுச்சு. ஆனா நான் போடற கோட்டுல பாதி போல்ட்டுல இருக்கும், பாதி தொட்டியில இருக்கும். இங்க பாருங்க. பழைய சர்வீஸ் கோடெல்லாம் மங்கலா இருக்கு. புதுக்கோடு இல்லை. அப்படின்னா நான் முடுக்கலை."

"கார்டுல டிக் இருக்கேடா!"

"டிக்கு கடைசியில மொத்தமா போடறது சார். இருபத்திநாலையும் ஒரே மூச்சுல போடுவோம். கோடுதான் ஒவ்வொண்ணா போடறது." தொட்டியின் ஓட்டையில் விரலை வைத்தான். "போல்ட்டைக் கையால திருகி வெச்சேன். ஸ்பேனரை எடுக்கறதுக்குள்ள, கழுவற இடத்துல வண்டி அடைச்சுட்டு நிக்குது, நகர்த்துன்னு கூப்பிட்டாங்க. போயிட்டு வந்து, முடுக்கிட்டேன்னு நினைச்சு இந்த வண்டியை லிஃப்டுலேர்ந்து இறக்கிட்டேன். வண்டி கட்டி இழுத்துட்டு வந்த அன்னிக்கே அடியில பாத்தேன். தெரிஞ்சுபோச்சு. சொல்லத் தைரியம் வரலை சார். பன்னெண்டு நாளா தூக்கமில்லை."

பிறகு அவளிடம் திரும்பினான். "மன்னிச்சிடுங்கக்கா. தப்பு என்னோடது."

"நானும் பாத்திருக்கணும்பா. என்னோடதும்தான்."

"இல்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க, என்னோடதுதான்."

"அதெப்படி? தினம் பாக்கறவ நான்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தச் சீட்ல நான் பதினாலு வருஷமா உக்காந்திருக்கேன். உன் தப்பு உன் தப்புன்னு அடிச்சுக்கறவங்களைத்தான் பாத்திருக்கேன். என் தப்பு என் தப்புன்னு சண்டை போடறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். கணக்கு சார் இதுதான் சமயமென்று தன் காகிதத்தை மறுபடி அவர் முன்னால் தள்ளினார். "சொட்டுக் கணக்கு சரியா வருது பாத்தீங்களா?"

மேனேஜர் இந்தத் தடவை அதை ஒழுங்காகப் படித்தார். தலைமை அலுவலகத்துக்கு அரை மணி நேரம் போனில் பேசினார். குரலில் பணிவு போய் மனிதக் குரல் வந்திருந்தது. கடைசியில், "இன்ஜின் எங்க பொறுப்பு மேடம். வர்ற வரைக்கும் எங்க வண்டி ஒண்ணை எடுத்துட்டுப் போங்க, இன்னிக்கே. உங்க பேஷண்டுங்க வேற வண்டிக்குப் போக வேண்டாம்" என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டாள். "இவரு வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே சார்? ஆகும்னா சொல்லிடுங்க."

மேனேஜர் மஞ்சக்கோட்டைப் பார்த்தார். "பன்னெண்டு நாள் மறைச்சிருக்கான். சும்மா விட முடியாது. ஒரு மாசம் வண்டி கழுவட்டும். அப்புறம் இங்கதான்."

புது இன்ஜின் வந்து பொருத்திய நாளில் மஞ்சக்கோடு கழுவும் இடத்திலிருந்து முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு ஓடிவந்தான். மேனேஜரிடம் கேட்டு, அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தான். வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடாத இடத்துக்கு அவளைக் கூட்டிப்போய், தலைக்கு ஒரு ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டு, தூக்கி நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் நிற்கவைத்தான். ஸ்பேனரால் முடுக்கினான். அவள் கையாலும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னான். பிறகு காதிலிருந்த மார்க்கரை எடுத்து நீட்டினான்.

"நீங்க போடுங்கக்கா."

அண்ணாந்து பார்த்துக்கொண்டு போட்டதில் கோடு கோணலாக வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றான் அவன். "நாளைக்குக் காலையில ஆயில் பாருங்க. நாளன்னிக்கும் பாருங்க. பாக்கலைன்னாதான் எனக்கு வருத்தம்."

மறுநாள் காலை ஆறு மணி. கணக்கு சார் பின்சீட்டில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் பானெட்டைத் திறந்து கம்பியை வெளிச்சத்தில் பிடிக்கும்போதே போன் அடித்தது.

"அக்கா, பாத்தீங்களா?"

"பாத்துட்டே இருக்கேன். மேல் கோட்டுல இருக்கு."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான். பின்னால் தண்ணீர் பீச்சியடிக்கும் சத்தம் கேட்டது.

இரண்டாம் நாளும் ஆறு மணிக்கு அடித்தது. மூன்றாம் நாளும். அதே கேள்வி, அதே பதில். ஒன்பது நாள் விடாமல் கூப்பிட்டான். பத்தாம் நாள் அவள் கம்பியைத் துடைத்து, அளவு பார்த்து, நோட்டில் எழுதி முடித்தும் போன் அடிக்கவில்லை. பானெட்டை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"கிளம்பலாமா பைலட்டம்மா?" என்றார் சார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, அவளே அவன் நம்பரைப் போட்டாள்.

"பாத்துட்டேன்பா" என்றாள். "மேல் கோட்டுலதான் இருக்கு."